சாட்ஸ்வொர்த்தில் சிம் போட்ட வீட்டு இன்டர்நெட்: ஒரு கடைமடைக்காரியின் ரெண்டு வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ரவுட்டர் டப்பாவுக்கு நாலு, கம்பெனிக்கு ரெண்டு, கூட்டி வகுத்தால் மூன்று. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், சிம் போட்ட ரவுட்டரை வீட்டு இன்டர்நெட் என்று விற்கிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் யாரிடம் வாங்கினாலும் நடக்கும்.

நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், மேட்டிலிருந்து சரிந்து இறங்குகிற ஒரு தெருவில், ஓர் ஆன்ட்டியின் வீட்டுக்குப் பின்னால் கட்டிய அவுட்பில்டிங்கில் வாடகைக்கு. ஃபைபர் தெருமுனை வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிட்டது, எப்போது உள்ளே வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். எனக்கோ வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் 7 மணிக்கு ஆன்லைனில் தமிழ் வகுப்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூன்று பேர், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் நாலு பேர், மீதி எல்லாம் இங்கேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். 1860-ல் தொடங்கி கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் ஐந்தாவது ஆறாவது தலைமுறை. ஆயா, தாத்தா, ரசம், அரோகரா என்ற அளவில் வீட்டில் தமிழ் மிச்சம் இருக்கிறது, அதற்கு மேலே நான் கட்ட வேண்டும். இவர்களுக்கு ழகரம் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் என் குரல் ரோபோ மாதிரி உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாழை, வாளை, வாலை மூன்றும் ஒன்றேதான் அவர்கள் காதுக்கு. படம் நின்று நின்று ஓடுவதைப் பற்றி எழுதுகிற விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. என் கஷ்டம் அப்லோட், என் கஷ்டம் தாமதம், அதுவும் ஊரே வீட்டுக்கு வந்து உட்காருகிற 7 மணிக்கு.

மாலில் ஒரு சின்ன மேஜை போட்டு விற்றார்கள். மாதம் 499 ரேண்ட், அளவு கட்டுப்பாடு இல்லை, வேகம் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற கணக்கு) வரை. அந்த 'வரை' என்கிற ரெண்டெழுத்தை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

முதல் வாரம் சொர்க்கம். வேகம் 60-க்குக் கீழே இறங்கவில்லை, ஊரில் அம்மாவோடு வீடியோவில் பேசினால் அவள் பின்னால் ஓடுகிற பல்லிகூடத் தெரிந்தது. ஆனால் நான் அந்த வாரம் சோதித்துப் பார்த்ததெல்லாம் காலை 10 மணி, மத்தியானம் 2 மணி. வகுப்பு விடுமுறை. விடுமுறை முடிந்து முதல் நாள் 7 மணிக்கு உட்கார்ந்தேன், 7:05-க்கு என் முகம் உறைந்துவிட்டது, பிள்ளைகள் "டீச்சர் சிலை ஆயிட்டாங்க" என்று சிரிக்கிற சத்தம் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு மாதம் நோட்டில் எழுதிவைத்தேன்: விடியற்காலை 2 மணிக்கு 62, காலை 10-க்கு 48, சாயங்காலம் 5-க்கு 19, இரவு 7 முதல் 9:30 வரை 3, 4, அதிர்ஷ்டம் இருந்தால் 6. அப்லோட் ஒன்றுக்கும் கீழே. இத்தனைக்கும் டப்பாவின் முகப்பில் சிக்னல் விளக்கு ஐந்தும் பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும்.

சேவை மையத்துக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் ஒரே பதில்: உங்கள் சிக்னல் நன்றாக இருக்கிறது மேடம், டப்பாவை அணைத்துப் போடுங்கள். ஒரு பையன் மட்டும், ஏழாவது தடவையோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு "அந்த டவரில் ஆள் அதிகம் மேடம்" என்றான். ரெண்டு வருடத்தில் அந்தக் கம்பெனி எனக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான், அவன் வேலை நிலைத்திருக்க வேண்டும்.

சிக்னல் வேறு, இடம் வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு டவரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை, எங்கள் ஊர் வாய்க்காலை நினைத்தால் போதுமாக இருந்தது. எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. தாமிரபரணியில் இருந்து கன்னடியன் கால்வாய், அதிலிருந்து மடை மடையாக வயலுக்குத் தண்ணீர். கால்வாயில் தண்ணீர் தளும்பி ஓடுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உன் வயலுக்கு எப்போது வரும், எவ்வளவு நேரம் வரும் என்பது நீர்க்கட்டி கையில், அதாவது முறை வைத்து மடை திறந்துவிடுகிற ஆள் கையில். தலைமடைக்காரன் குறட்டை விட்டுத் தூங்குவான், கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வரப்பில் படுத்திருப்பான். அந்த ஐந்து பச்சை விளக்கும் சொல்வது கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்பதைத்தான். என் முறை எப்போது என்பதை எந்த விளக்கும் சொல்வதில்லை.

டவரில் உட்கார்ந்திருக்கிற நீர்க்கட்டி ஒரு மென்பொருள். நாலாம் தலைமுறையில் (4ஜி) ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 100 துண்டாக நறுக்கி, இந்தத் துண்டு இன்னாருக்கு, அந்தத் துண்டு அன்னாருக்கு என்று நொடிக்கு ஆயிரம் தடவை பங்கிடுகிறது. பிரித்துக் கொடுப்பதில் பல வழி உண்டு. எல்லாருக்கும் சமமாக முறை வைக்கலாம். நியாயமாகத் தெரியும், ஆனால் தூரத்து ஆளுக்கு அதே துண்டில் கொஞ்சம்தான் போய்ச் சேரும், வழியெல்லாம் ஊறிப்போகிற தண்ணீர் மாதிரி. யாருக்கு நன்றாகப் போய்ச் சேர்கிறதோ அவருக்கே கொடுத்துக்கொண்டிருக்கலாம். டவரின் மொத்தக் கணக்கு பிரமாதமாக இருக்கும், கடைமடை காய்ந்துவிடும். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியில் போகிறார்கள்: இந்த நொடியில் உனக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை, கொஞ்ச காலமாக உனக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பதால் வகுத்துப் பார்ப்பது. யாருக்கு அந்த விகிதம் பெரிதோ அவர் முறை. ரேடியோ அலை மில்லிநொடிக்கு மில்லிநொடி ஏறி இறங்குவதால், ஒவ்வொருவரையும் அவரவர் நல்ல நேரம் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிடலாம், ரொம்ப நேரம் பட்டினி கிடந்தவன் விகிதம் தானாகவே ஏறி முன்னால் வந்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு, எனக்கு அதன் மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊர் நீர்க்கட்டிகளில் சிலர் இதைவிட மோசம்.

குறை எங்கே என்றால் வயல் எத்தனை என்பதில். ரெண்டு ஆன்டெனா வைத்த 20 மெகாஹெர்ட்ஸ் செல் ஒன்று (கைபேசி இல்லை, டவர் ஒரு பக்கம் பார்த்து வீசுகிற பகுதி), எல்லாமே கைகூடி வந்தால் மொத்தமாக 150 எம்.பி.பி.எஸ். கொடுக்கும். மொத்தமாக, அந்தப் பக்கம் பார்த்திருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்து. உண்மையில் அதில் பாதிகூட வராது. எனக்கு '100 வரை' விற்றார்கள், எதிர்வீட்டுக்கும் '100 வரை', பால்வாடி நடத்துகிற அக்காவுக்கும் '100 வரை'. பழைய இரண்டாம் தலைமுறை போனில் குரலுக்கு ஒரு 200 கிலோஹெர்ட்ஸ் அலையை 8 நேரத் துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள், நிரம்பிவிட்டால் 'நெட்வொர்க் பிஸி' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். கோபம் வரும், ஆனாலும் உள்ளே போனவர் நிம்மதியாகப் பேசுவார். இப்போது பந்தியில் இடமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார்கள்.

இன்னொன்று, இலை போடும்போதே வரிசை பிரித்துவிடுகிறார்கள். நாலாம் தலைமுறைத் தரத்திலேயே 1 முதல் 9 வரை வகுப்பு உண்டு, குரல் அழைப்பு 1-ஆம் வகுப்பு, சாதா இன்டர்நெட் வழக்கமாக 9. கைபேசியில் பார்க்கிற இன்டர்நெட்டுக்கும் வீட்டு டப்பாவின் இன்டர்நெட்டுக்கும் வேறு வேறு வகுப்பு வைக்கிற வசதி கம்பெனிக்கு இருக்கிறது. என் கம்பெனி வைத்திருக்கிறதா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. ஆனால் அதே டவரில், அதே 7:30-க்கு, அதே கம்பெனி சிம் போட்ட என் வீட்டுக்காரர் போனில் 14 வருகிறது, டப்பாவில் 4. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, புலம்பியது போதும், உருப்படியாக ஒன்று சொல்கிறேன். டப்பாவின் உள்பக்கத்துக்குப் போனால் (பிரவுசரில் அதன் முகவரியைத் தட்ட வேண்டும், டப்பாவின் அடியிலேயே ஒட்டியிருக்கும்) ஆர்.எஸ்.ஆர்.பி., ஆர்.எஸ்.ஆர்.க்யூ., எஸ்.ஐ.என்.ஆர். என்று மூன்று எண் இருக்கும். முதலாவது டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது. பச்சை விளக்குகளும் இதைப் பார்த்துத்தான் எரிகின்றன. இரண்டாவதைக் கவனியுங்கள். எனக்கு விடியற்காலையில் -8, இரவு 8 மணிக்கு -14. டவர் நகரவில்லை, நானும் நகரவில்லை, நடுவில் சத்தம் கூடியிருக்கிறது. இந்த எண் பகலுக்கும் இரவுக்கும் இவ்வளவு ஆடினால் உங்கள் வாய்க்காலில் ஆள் ஜாஸ்தி என்று அர்த்தம், டப்பாவை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது.

நான் செய்தது இதுதான். டப்பா முன்னறை ஜன்னலில் மேட்டு டவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன், பூனைக்குட்டியை இடம் மாற்றுகிற மாதிரி. பின்பக்கச் சமையலறை ஜன்னலில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது பச்சை விளக்கு ஐந்திலிருந்து ரெண்டாக இறங்கியது, பள்ளத்துக்கு அப்பால் தொழிற்சாலைப் பக்கம் இருக்கிற வேறொரு டவரைப் பிடித்திருந்தது. அந்தப் பக்கம் பகலில்தான் கூட்டம், சாயங்காலம் கேட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். இரவு 7:30-க்கு 17 வந்தது, அப்லோட் 5. பலமான சிக்னலை விட்டுவிட்டு பலவீனமான சிக்னலுக்குப் போனதில் வேகம் நாலு மடங்கு. விற்பனை மேஜையில் இருந்தவரிடம் பிறகு ஒரு நாள் இதைச் சொன்னேன், நம்பவில்லை, ரெண்டு விளக்கு எரிகிற போட்டோவைக் காட்டியும் நம்பவில்லை.

இதோடு கதை முடிந்திருக்கும், ஆன்ட்டி வராமல் இருந்திருந்தால். "ஏம்மா, உன் மெஷின் வந்ததிலேருந்து என் சீரியல் நின்னு நின்னு ஓடுதே" என்றார். அவருக்கு வேறு கம்பெனி, வேறு டப்பா, எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். சம்பந்தம் இருந்தது. டவரிலிருந்து டப்பா வரை ஒரு வாய்க்கால், டப்பாவிலிருந்து போன் வரை இன்னொன்று, அந்த வைஃபைக்கு நீர்க்கட்டியே கிடையாது. அவரவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, யாரும் பேசவில்லை என்றால் பேச வேண்டும், ஒரே நேரத்தில் ரெண்டு பேர் வாயைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரம் கண்டபடி காத்திருந்து மறுபடி முயல வேண்டும்.

இங்கே ஊரமைப்பையும் சொல்ல வேண்டும். 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் எந்த நிறத்துக்காரர் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள், அப்படி இந்தியர்களுக்கென்று 1960-களில் எழுப்பியது சாட்ஸ்வொர்த். குறைந்த இடத்தில் நிறைய வீடு, ரெண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர், போதாததற்கு இப்போது ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் எங்களை மாதிரி ஓர் அவுட்பில்டிங். என் சமையலறையில் நின்று பார்த்தால் போனில் 17 வைஃபை தெரிகிறது.

வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல் இருப்பதாகப் பட்டியல் காட்டும், நம்பாதீர்கள். சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒவ்வொரு டப்பாவும் பேச எடுத்துக்கொள்வதோ 20. ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் எல்லாரும் கைக்கொள்கிறது 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ரெண்டு வீடும் 6-ல் இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியும், மாற்றி மாற்றி வழிவிட்டுக்கொள்வார்கள். எவனோ ஒருவன் 'காலியாக இருக்கிறதே' என்று 3-ல் போய் உட்காருவான் பாருங்கள், அவன்தான் ஊரைக் கெடுப்பவன், அவன் பேச்சு 1-க்கும் 6-க்கும் வெறும் இரைச்சலாகப் போய் விழும். எங்கள் தெருவில் அந்த ஆளைத் தேடினேன். அது நான்தான். டப்பா 'தானியங்கி' என்ற அமைப்பில் 3-ஐப் பிடித்திருந்தது, அதுவும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அதாவது இருக்கிற மொத்த இடத்தில் கிட்டத்தட்டப் பாதியை விரித்துக்கொண்டு. கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. டப்பாவுக்கு ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான். ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு 20-க்குக் குறைத்தேன்.

ஆனால் எந்தச் சேனலுக்குப் போவது? அந்த வாரம் வகுப்பில் நிறங்களின் பெயர் நடத்திக்கொண்டிருந்தேன். தென்னாப்பிரிக்க வரைபடத்தைக் கொடுத்து, ஒட்டியிருக்கிற மாகாணங்களுக்கு ஒரே நிறம் வரக்கூடாது, மிகக் குறைந்த பென்சிலில் அடியுங்கள், நிறத்தின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள் என்று பயிற்சி. 9 மாகாணத்துக்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றே போதும், செய்து பாருங்கள், சரியாக வரும். லெனேசியா பெண் ஒருத்தி "டீச்சர், நடுவில் ஓட்டை இருக்கே" என்றாள். லெசோத்தோ, தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளேயே இருக்கிற தனி நாடு. அது ஃப்ரீ ஸ்டேட், குவாசூலு-நட்டால், கிழக்கு கேப் மூன்றையும் தொட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று பென்சிலும் தீர்ந்துபோனது, நாலாவதாக நீலம் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, எங்கள் அவுட்பில்டிங் ஒரு லெசோத்தோ. முன்னால் ஆன்ட்டி 1-ல், இடதுபக்கம் 6-ல், பின்வீடு 11-ல், நடுவில் நாங்கள்.

எந்த வரைபடத்துக்கும் நாலு நிறம் போதுமா என்று முதலில் கேட்டவர், 1852-ல், ஃபிரான்சிஸ் கத்ரி என்கிற ஓர் இளைஞர், இங்கிலாந்து மாவட்டங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தபோது. அவர் அப்புறம் கப்பலேறி இங்கே தென்னாப்பிரிக்காவுக்கே வந்து, முதலில் கிராஃப்-ரைனெட்டிலும் பிறகு கேப் டவுனிலும் கணிதம் கற்பித்து, 1899-ல் இங்கேயே காலமானார். செடிகொடிகளில் பைத்தியமாக இருந்திருக்கிறார், ஒரு செடிக்கு அவர் பெயரே இருக்கிறது. கேள்விக்கு 1976-ல்தான் அமெரிக்காவில் ரெண்டு பேர் கம்ப்யூட்டரை வைத்து ஆம் என்று நிறுவினார்கள். டவர் போடுகிறவர்களும் பழைய காலத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், நிறத்துக்குப் பதில் அலைவரிசை, பக்கத்து டவருக்கு ஒரே அலைவரிசை வரக்கூடாது என்று. அலை எல்லைக்கோட்டோடு நிற்காமல் அடுத்த டவரையும் தாண்டிப் போவதால் அவர்களுக்கு நாலு போதவில்லை, முதல் தலைமுறையில் ஏழு ஏழாகப் பிரித்தார்கள். இப்போது அதையும் விட்டுவிட்டு எல்லா டவருக்கும் ஒரே அலையைக் கொடுத்துவிட்டு, ரெண்டு டவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் பாடு அவன் பாடு என்று விட்டுவிட்டார்கள். நான் அங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் நாலாவது பென்சில் வைஃபையின் இன்னொரு அலைவரிசை, 5 கிகாஹெர்ட்ஸ். அங்கே இடம் தாராளம், சுவரைத் தாண்டித்தான் போகாது, அவுட்பில்டிங்கில் ரெண்டே அறை என்பதால் எனக்குப் பிரச்சினை இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஒரு நாள் வகுப்புக்கு நடுவில் 5 கிகாஹெர்ட்ஸ் முழுதாகக் காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்து வந்தது. டப்பாவின் பதிவேட்டில் பார்த்தால் 'ரேடார்' என்று எழுதியிருக்கிறது. 52-ஆம் சேனலிலிருந்து மேலே பெரும்பகுதி ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்கிற இடம், ரேடார் சத்தம் கேட்டதாக டப்பா நினைத்தாலே இடத்தைக் காலி செய்துவிட்டு அதே மாதிரி இன்னொரு சேனலுக்குப் போனால் அங்கே ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. உண்மையிலேயே ரேடாரோ, டப்பாவுக்குப் பிரமையோ, 36-க்கு மாற்றினேன், அதோடு சரி.

மற்றபடி டப்பா நல்ல டப்பா. சூடாகிறது, ஆனால் டர்பன் ஜனவரியில் நானும்தான் சூடாகிறேன். பின்னால் வெளி ஆன்டெனாவுக்கு ரெண்டு துளை இருக்கிறது, எல்லா டப்பாவிலும் இருக்காது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய போன் ஒன்று இருந்து அதுவும் தூரத்து மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் மொத்த வைஃபையும் மந்தமாகும், ஏனென்றால் மற்றவன் ஒரு நொடியில் முடிக்கிற பேச்சை அது ஐந்து நொடி இழுக்கும், அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். என் டப்பாவில் இதற்கென்றே 'ஒளிபரப்பு நேரச் சமநிலை' என்கிற மாதிரி ஓர் அமைப்பு உண்டு, போட்டுவிட்டேன், கொஞ்சம் உதவியது.

மின்வெட்டு நாட்களில் ஒரு வேடிக்கை நடந்தது. டப்பாவுக்கென்று ஒரு சின்ன பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். கரன்ட் போனதும் அக்கம்பக்கத்து 16 வைஃபையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துவிடும், என் வைஃபைக்கு ஊரே காலி. ஆனால் வைஃபை இழந்த அத்தனை பேரும் போன் டேட்டாவுக்குத் தாவுவார்கள், டவரில் கூட்டம் முன்னைவிட மோசமாகும், பிறகு டவரின் பேட்டரியும் தீர்ந்தால் எல்லாருக்கும் சமத்துவம். இங்கே 2023-ல் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கூட்டம் என்றதும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் நினைவுக்கு வருகிறது. ஈஸ்டர் வாரத்தில் புனித வெள்ளியன்று அங்கே நின்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பிப் பாருங்கள், அந்தக் கடிகாரக் குறி நகராது. டவரிடம் பேசுவதற்கு இடம் கேட்கவே போன் ஒரு சின்னக் குரல் கொடுக்க வேண்டும், அதற்கு நாலாம் தலைமுறை செல் ஒவ்வொன்றிலும் 64 வகைக் குரல்தான், ரெண்டு பேர் ஒரே குரலை ஒரே நேரத்தில் எடுத்தால் மோதல். 1971-ல் ஹவாயில் அலோஹா என்று ஒரு வலையமைப்பு கட்டினார்கள், அவரவர் இஷ்டத்துக்குப் பேசலாம், மோதினால் திரும்பப் பேசலாம் என்று. அப்படி விட்டால் மொத்தத் திறனில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகத் தேறாது, எல்லாரும் தாளம் பிசகாமல் குறித்த நொடியில் தொடங்கினால் 37 வரை தேறும் என்று கணக்கு. கோயில் கூட்டத்தில் தாளம் தவிலுக்கு மட்டும்தான்.

இந்த நாட்டில் இடமே குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கம்பெனி தலையில் கட்ட முடியாது. தூரம் போகிற, சுவர் தாண்டுகிற நல்ல அலைவரிசைகளில் பழைய டி.வி. ஒளிபரப்பு உட்கார்ந்திருந்தது, அதை எழுப்ப நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே வருடங்கள் ஓடின. 2020 ஊரடங்கின்போது கொஞ்சம் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள், பிறகு 2022 மார்ச்சில் ஏலம் விட்டதில் ஆறு கம்பெனிகள் சேர்ந்து 14.4 பில்லியன் ரேண்டுக்கு எடுத்தன. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய வாய்க்காலை அப்புறம் ஒவ்வொரு மடையிலும் நிரப்பத்தான் பார்ப்பார்கள், அது புரிகிறது. புரிவதால் 7 மணிக்கு என் வகுப்பு ஓடிவிடாது.

கம்பெனிக்கு ரெண்டு நட்சத்திரம் ஏன் என்றால், அவர்களிடம் எந்த டவரில் எத்தனை பேர், எந்த மணிக்கு எவ்வளவு தேறும் என்கிற கணக்கு மணிக்கு மணி இருக்கிறது. விற்கும்போது என் முகவரியைத் தட்டிப் பார்த்து 'சிக்னல் உண்டு' என்று பச்சை நிறத்தில் காட்டியதே ஒரு வரைபடம், அதிலேயே இன்னொரு எண்ணாக இரவு 8 மணிக்கு என்ன வரும் என்று போட்டிருக்கலாம். போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். 'நியாயப் பயன்பாடு' என்று ஒரு விதி மட்டும் அழகாகப் போட்டிருக்கிறார்கள், மாதம் 400 ஜி.பி. தாண்டினால் வேகம் 2-க்கு இறங்கும். விடியற்காலையில் யாரும் இல்லாத வாய்க்காலில் நான் அள்ளினாலும் அதே கணக்கு, 8 மணிக்கு அள்ளினாலும் அதே கணக்கு. யாருக்கு என்ன நியாயம் என்று தெரியவில்லை.

24 மாத ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், மாதாமாதம் கட்டுகிற திட்டம் கொஞ்சம் அதிகமானாலும் அதையே எடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு: 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து விலகலாம், டப்பாவின் மிச்ச விலை போல நியாயமான ஒரு தொகையைக் கேட்பார்கள், அவ்வளவுதான். வாங்கியதும் முதல் வாரத்திலேயே, உங்களுக்கு எந்த மணி முக்கியமோ அந்த மணியில் சோதித்துப் பாருங்கள். நான் காலை 10 மணிக்குச் சோதித்துவிட்டு மகிழ்ந்தேனே, அதுபோல வேண்டாம்.

நான் விலகவில்லை. டப்பா சமையலறை ஜன்னலில் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ரெண்டு விளக்குதான் எரிகிறது, போன வாரம் 7:30-க்கு 15 வந்தது, பிள்ளைகள் ஒருவழியாக வாழைப்பழம் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளத்துக்கு அப்பால் இருக்கிற அந்தத் தொழிற்சாலைப் பக்கத்து டவரைப் பார்த்து உங்கள் ஜன்னல் இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு மட்டும் என் மதிப்பீடு ஐந்துக்குப் பூஜ்யம், தயவுசெய்து வாங்காதீர்கள், ஃபைபர் வரும்வரை பொறுங்கள்.